தோள் கொடுத்தவர்கள்

மணிலா,
24 ஜூலை 1994

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் மாம்பழ வற்றலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. வற்றலை வில்மா பிரித்தாள், கடிதத்தை நான் பிரித்தேன். அவளுக்கு இனிப்பு, எனக்குத் திட்டு. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை இப்படித்தான்.

உன் பிள்ளை டாரியோ எங்கள் மாணவர் சகோதர சங்கத்தில் சேரப்போகிறான் என்பதை உனக்கு நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். "கல்லூரிக்குப் படிக்கப் போன பையனுக்குப் புதிதாகச் சகோதரர்கள் எதற்கு? ஒற்றைப் பிள்ளையாகவே நன்றாகத்தானே வளர்ந்திருக்கிறான்" என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு வாதாடி நான் எந்த வழக்கிலும் ஜெயித்ததில்லை. அதனால் வாதாடவில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

அப்பா இறந்தபோது நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். நிலத் தகராறைக் காரணம் சொல்லி சித்தப்பா வீட்டிலிருந்து ஒருவரும் வாசல் மிதிக்கவில்லை. மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என் சங்கத்துச் சகோதரர்கள். வெள்ளை பாரோங் சட்டை போட்டுக்கொண்டு, கொட்டுகிற மழையில், அப்பாவைக் கல்லறைவரை தோளில் சுமந்தார்கள். ஹெர்மனின் செருப்பு சேற்றில் புதைந்துபோய் அவன் வெறுங்காலோடு திரும்பி வந்தான். நீதான் அப்பாவின் செருப்பை எடுத்து அவனுக்குக் கொடுத்தாய். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இவங்க இல்லேன்னா அப்பாவை யாருடா தூக்கியிருப்பாங்க?"

எங்கள் வழக்கப்படி, சேர வருகிற ஒவ்வொரு புதியவனுக்காகவும் ஒரு மூத்தவன் நிற்க வேண்டும். டாரியோவுக்காக நான் நிற்கிறேன். என் மருமகன் மேல் யாரும் அளவு மீறிக் கை வைக்க மாட்டார்கள். தொலைபேசியில் அவனுக்கு ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்வது. அதைப் பிடித்துக்கொண்டால் முதல் தடவையிலேயே தேறிவிடுவான். என்ன யோசனை என்று கேட்காதே. வெளியாட்களுக்குச் சொல்லக் கூடாது. வெளியாள் என்று உன்னைச் சொன்னதற்கு அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள்.

அத்தான் கப்பலிலிருந்து எழுதினாரா? எனக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை.

உன் அன்புத் தம்பி,
தினோ


இலோய்லோ,
17 ஆகஸ்ட் 1994

அன்புத் தம்பிக்கு,

நீ தொலைபேசியில் கூப்பிட்டதாகக் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். நான் வேண்டுமென்றேதான் திரும்பக் கூப்பிடவில்லை. பேசினால் கத்திவிடுவேன். எழுதினால் எனக்கு நிதானம் வரும்.

டாரியோ தேறிவிட்டான். ஞாயிறு காலை நான் பூசைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றான். உள்ளே வந்தும் உட்காரவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றே சாப்பிட்டான். குப்புறப் படுத்துத் தூங்கியதும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்புவரை கத்தரிக்காய் நிறம். தாவரவியல் பாடம் எடுப்பவளுக்கு வேறு உவமை வரவில்லை. அளவு மீற மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த அளவு என்னவென்று நீ எழுதவில்லை. நானும் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. அவனோடு சேர்ந்த ருவெல் மருத்துவமனையில் கிடக்கிறான். உனக்கு அவனைத் தெரியும். எங்கள் கொய்யா மரத்தில் பாதிப் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவன். போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, "மாமா, வக்கீலுன்னா பொய் சொன்னா பாவம் கிடையாதாமே?" என்று கேட்டு உன்னைச் சிரிக்க வைத்தானே, அவன். அவன் அம்மா நேனிட்டா சந்தைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அப்பா இல்லை.

லாரியிலிருந்து விழுந்துவிட்டான் என்று கொண்டுவந்து சேர்த்தவர்கள் சொன்னார்களாம். லாரியிலிருந்து விழுந்தவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. தொடை மட்டும் டாரியோவுடையதைவிட மோசம். நசுங்கிய சதையிலிருந்து வந்த நஞ்சு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

உன் சங்கத்துப் பையன்கள் நடைபாதை முழுக்க இருக்கிறார்கள். முறை வைத்துக் கண் விழிக்கிறார்கள், வரிசையில் நின்று ரத்தம் கொடுக்கிறார்கள். ஒருவன் என் பையை வாங்கிக்கொண்டு, "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போங்க. நாங்க இருக்கோம்ல" என்றான்.

"அதான்பா எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

நேனிட்டாவோ அவர்களைப் புகழ்ந்து முடிக்கவில்லை. "என் வயித்துல பொறந்ததுங்க மாதிரி டீச்சர். காலையில என் கடைக்கு வந்து அடுப்பு பத்த வச்சுக் குடுத்துட்டுப் போகுதுங்க. எந்த ஊர்ல நடக்கும் இது?"

எனக்கு அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ அவர்களுக்கு மூத்தவன். உனக்குத் தெரிந்ததை எழுது.

நோரா


மணிலா,
25 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்கா,

"அன்புடன்" என்ற ஒரு சொல்கூட இல்லாமல் நீ கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அதையே மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ருவெலின் விஷயம் தெரிந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. இங்கே சிறுநீரக நிபுணராக இருக்கும் ஒரு சகோதரர் தன் நோயாளிகளை விட்டுவிட்டு விமானம் ஏறி வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போனார். நீ அவரைப் பார்த்திருப்பாய், வழுக்கைத் தலை, மெல்லப் பேசுவார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. ஒரு தொலைபேசி போதுமாயிருந்தது. சங்கம் என்றால் இதுதான் அக்கா. பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இப்படியா செய்வார்கள்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று மூத்தவர்கள் நாங்கள் உள்ளே விசாரித்துவிட்டோம். சிலர் வரம்பு மீறியிருக்கிறார்கள். அவர்களை உள்ளேயே தண்டிப்போம். இளரத்தம். அதற்குமேல் உன்னிடம் எழுத எனக்கு அனுமதி இல்லை. பத்திரிகைக்காரர்கள் வந்தால் பேசாதே. டாரியோவையும் தோண்டிக் கேட்காதே. சபதம் எடுத்திருக்கிறான். அவனுக்காக நின்ற நான் சபதத்திலிருந்து விடுவிக்காமல் அவன் பேசினால் சங்கத்தைவிட்டு விலக்கிவிடுவார்கள். அந்த வயதில் அது எப்படிப்பட்ட அவமானம் என்று உனக்குத் தெரியாது.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்றால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்காது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தது நீ. கோபித்துக்கொண்டு ஒரு வரி எழுது, போதும்.

உன்,
தினோ


இலோய்லோ,
11 செப்டம்பர் 1994

அன்புத் தம்பிக்கு,

ருவெல் முதல் தேதியன்று இறந்துபோனான். தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். உன் மலர் வளையமும் வந்தது. ஒன்பது நாள் ஜெபம் முடிந்து வீட்டைப் பெருக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

அடக்கத்தன்று நடந்ததை உன்னிடம் வேறு யாராவது சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்தது இது.

அதற்குள் டாக்டர் நேனிட்டாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தார். அவள் அழுது ஓய்ந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உன் சங்கத்துப் பையன்கள் வெள்ளை பாரோங் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையாக நின்றார்கள். அப்பாவுக்கு நின்றது போலவேதான். தலைவனாக இருக்கிற பையன் முன்னால் வந்து, "அம்மா, ருவெல் எங்க சகோதரன். அவனை நாங்கதான் தூக்கணும்" என்றான்.

"தூக்குங்க. நான் வேணாங்கலை" என்றாள் நேனிட்டா. "ஒண்ணே ஒண்ணு. தூக்க வர்ற ஒவ்வொருத்தனும் மொதல்ல தன் பேரைச் சொல்லணும். அந்தச் சனிக்கிழமை எங்க நின்னேன், என்ன செஞ்சேன்னு சொல்லணும். சொல்லிட்டுத் தோள் குடுங்க."

ஒருவனும் அசையவில்லை.

"அம்மா, கோவில்ல சாமியார் காத்துக்கிட்டிருக்காரு..."

"காத்திருக்கட்டும். எம்புள்ளைக்கும் இனிமே அவசரமில்லை. சொல்லுங்கடா. ரத்தம் குடுத்தீங்க, சோறு வாங்கிக் குடுத்தீங்க. பேரைக் குடுக்க மாட்டீங்களா?"

தெருவில் எதிர்வீட்டு ரோமுலோ, ஜீப்னி ஓட்டுபவன், தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தான். "நான் ரோமுலோ. அந்தச் சனிக்கிழமை துறைமுகத்துக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். பிறகு மீன் விற்கிற பெனித்தோ. "நான் பெனித்தோ. கடையில செதில் சீவிக்கிட்டிருந்தேன்." அப்புறம் இன்னொருவன், இன்னொருவன். தெரு ஆட்களே தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளைச் சட்டைகள் வெயிலில் அப்படியே நின்றன.

டாரியோ அந்த வரிசையில்தான் நின்றான். அவன் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

இப்போது நேனிட்டாவை அரிப்பது ஒரே கேள்வி. "'போதும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிஷமே விட்டிருப்போம், அவன் சொல்லவே இல்லைங்கறாங்க டீச்சர். ஏன் சொல்லலை? பல்வலி வந்தாக்கூட தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துற பய. ஏன் சொல்லலை?" செத்துப்போன பிள்ளையோடு சண்டை போடுகிறாள் தினோ. அடுப்பின் முன்னால் நின்று அவனைத் திட்டுகிறாள்.

டாரியோவைக் கேட்டேன். "மாமா மட்டும்தாம்மா என்னை விடுவிக்க முடியும்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உள்ளே விசாரித்துவிட்டோம் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் பெயர்கள் உனக்குத் தெரியும். நான் உன்னிடம் கேட்பது இரண்டு. அந்தப் பெயர்களை அரசு வழக்கறிஞரிடம் கொடு. டாரியோவை விடுவித்து ஒரு வரி எழுது.

அன்புடன்,
நோரா


மணிலா,
20 செப்டம்பர் 1994

அன்புள்ள அக்கா,

"அன்புடன்" திரும்பி வந்ததற்கு நன்றி. அதை வைத்துக்கொண்டு உனக்குப் பிடிக்காத பதிலை எழுத வேண்டியிருக்கிறது.

ருவெலை நான் மறக்கவில்லை. அந்த வக்கீல் கேள்வியையும் மறக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார். சங்கத்துக்குக் கையில்லை, காலில்லை. அடித்தது சில பையன்கள், சங்கமல்ல. அறுபது வருடமாக இருக்கிற ஒரு அமைப்பை, நாடு முழுக்க இருக்கிற டாக்டர்களையும் நீதிபதிகளையும் ஆசிரியர்களையும், ஒரு பண்ணை வீட்டில் ஒரு சாயங்காலம் புத்தி கெட்டுப்போன நான்கு பேருக்காகக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? உன் கல்லூரியில் ஒருத்தி பரீட்சையில் காப்பியடித்தால் உன்னைத் தண்டிப்பார்களா?

பெயர்களைக் கொடு என்கிறாய். அவை என்னுடையவை அல்ல. சபதத்தின் கீழ் என்னிடம் சொல்லப்பட்டவை. டாரியோவை விடுவித்தால் அவன் எங்கே போய் நிற்பான் என்று யோசித்தாயா? அங்கே இருந்தவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் என்று சொல்லும் சட்டம் ஒன்றைப் பற்றி செனட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே உன் மகனும் இருந்தான் அக்கா. அவனைக் காப்பாற்றத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

லியோபோல்டோவை உனக்கு நினைவிருக்கும், அப்பா அடக்கத்துக்கு வந்தவன். இப்போது எங்கள் வக்கீல் அலுவலகத்தில் மூத்த பங்குதாரர். நேற்று என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, "உங்க அக்கா எப்படி இருக்காங்க தினோ? ரொம்ப நாளாச்சு பாத்து. நல்லா விசாரிச்சேன்னு சொல்லு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இந்த அலுவலகத்தின் கதவில் என் பெயர் இருக்கிறது என்றால் அது அவனால்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
தினோ


இலோய்லோ,
28 செப்டம்பர் 1994

அன்புத் தம்பிக்கு,

லியோபோல்டோவுக்கு நான் நலம் என்று சொல்.

உன் வாதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரே ஓர் இடம் எனக்குப் புரியவில்லை.

அப்பாவைத் தூக்கியது யார் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். போன ஜூலையில்கூட எழுதினாய். ஒரு தடவையாவது "சில பையன்கள் தூக்கினார்கள்" என்று நீ சொன்னதில்லை. சங்கம் தூக்கியது என்றுதான் சொல்வாய். ருவெலைப் பார்க்க டாக்டர் வந்தபோதும், "சங்கம் என்றால் இதுதான் அக்கா" என்று எழுதினாய். அப்போதெல்லாம் சங்கத்துக்குக் கை இருந்தது, கால் இருந்தது, விமானம் ஏறவும் தெரிந்திருந்தது. கட்டையை எடுத்து ஒரு பிள்ளையை அடித்தபோது மட்டும் அது நான்கு பையன்களாக ஆகிவிட்டது. சரி, நான்கு பையன்கள்தான் என்றால் அந்த நான்கு பெயரைச் சொல் என்கிறேன். உடனே அவர்கள் மறுபடியும் சங்கமாகிவிடுகிறார்கள்.

காப்பியடிக்கிறவளுக்காக என்னைத் தண்டிக்க மாட்டார்கள்தான். ஆனால் காப்பியடிப்பதையே நான் சேர்க்கைப் பரீட்சையாக வைத்திருந்தால்?

அவர்கள் அப்பாவைத் தூக்கியதற்கு நான் நன்றி மறந்தவள் அல்ல. அன்று நான் சொன்னதை இன்றும் திரும்பச் சொல்வேன். அதனால்தான் இதைக் கேட்கிறேன். நமக்கு வேண்டாதவர்கள் என்றால் கேட்டிருக்கவே மாட்டேன்.

வில்மாவுக்கு வற்றல் அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் கொஞ்சம் புளிப்பு.

அன்புடன்,
நோரா


இலோய்லோ,
13 அக்டோபர் 1994

அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதிலுக்காக இதை எழுதவில்லை. உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று நடந்திருக்கிறது.

திங்கட்கிழமை ருவெலுக்கு நாற்பதாம் நாள். நேனிட்டா கடையை அடைத்துவிட்டு, பக்கத்து வீட்டார் சிலரையும் எங்களையும் கூப்பிட்டிருந்தாள். வழக்கப்படி இறந்தவனுக்கு ஒரு தட்டு வைத்து, சோறும் அவனுக்குப் பிடித்த வறுத்த பன்றியிறைச்சியும் பரிமாறி, நாற்காலியைக் காலியாக விட்டாள். அது டாரியோவுக்குப் பக்கத்து நாற்காலி. வேண்டுமென்று வைத்தாளா, இடம் அப்படி அமைந்ததா, தெரியாது.

ஜெபம் முடிந்து எல்லோரும் கரண்டியை எடுத்தபோது டாரியோ எடுக்கவில்லை. அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் சொன்னான்" என்றான்.

"என்னடா?" என்றாள் நேனிட்டா.

"போதும், நான் வீட்டுக்குப் போறேன்னு சொன்னான். எங்க கண்ணைக் கட்டியிருந்தாங்க. நாங்க புதுசா சேர்றவங்க எல்லாம் கையைக் கோத்துக்கிட்டு நின்னோம். அவன் எனக்குப் பக்கத்துல. 'யாரு? போறியா? போறதுன்னா இப்பவே சொல்லு'ன்னு ஒருத்தர் கேட்டாரு. நிஜமாவே விட்டிருப்பாங்க அத்தை. ஆனா ஒருத்தன் போனா மொத்தப் பேரும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அதுதான் அங்க விதி. நான்தான் அவன் கையை விடலை. 'இன்னும் கொஞ்சம்தான்டா, எனக்காகப் பொறுத்துக்கோ'ன்னேன். அதுக்கப்புறம் அவங்க திரும்பக் கேட்டப்ப அவன் பேசலை."

நேனிட்டா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ சொன்னானா?"

"சொன்னான்."

"எம்புள்ள வாயத் தொறந்து சொன்னானா?"

"சொன்னான் அத்தை."

அவள் முகத்தில் வந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நிம்மதியைப் போலவும் இருந்தது, புதிதாக ஒரு முறை அடிபட்டது போலவும் இருந்தது. இத்தனை நாள் தன் பிள்ளையோடு போட்ட சண்டை அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. தட்டிலிருந்த ஒரு துண்டை எடுத்து டாரியோவின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டு முடி. அப்புறம் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே. நானே கூப்பிடறேன்."

அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். நான் அவனைத் தொடவில்லை. தொட்டால் அவன் சொன்னதை லேசாக்கிவிடுவேன் என்று தோன்றியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்றும் சொன்னான். அதை நேனிட்டாவிடம் அவன் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டான். கையை விடாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நீயாம். "பக்கத்துல நிக்கறவன்தான் முதல்ல உடைவான். கையை இறுக்கிப் பிடிச்சுக்கோ, போக விடாதே. ஒருத்தன் போனா எல்லாருக்கும் மறுபடியும் அடி" என்று தொலைபேசியில் சொன்னாயாம். பட்டுத் தெரிந்துகொண்ட யோசனை ஒன்று சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு எழுதியிருந்தாயே, அதுதானே?

நீ அதை அன்பினால்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உன் மருமகன் இரண்டு முறை அடிபடக் கூடாது என்றுதான் சொன்னாய். டாரியோவும் ருவெலின் கையை வெறுத்துப் பிடிக்கவில்லை. அங்கே ஒருவருக்கொருவர் காட்டிய அன்பை எல்லாம் கூட்டினால் ஒரு பிள்ளை செத்துப்போயிருக்கிறான். எனக்கு இதற்குமேல் இதைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, டாரியோ அரசு வழக்கறிஞரிடம் போகிறான். தன்னைப் பற்றித் தெரிந்ததைச் சொல்வான். அடித்தவர்கள் யாரென்று கண் கட்டப்பட்டிருந்த அவனுக்குத் தெரியாது. நீ விடுவிக்கவில்லை என்று நான் நினைவுபடுத்தினேன். "தெரியும்மா. மாமாவுக்குக் கஷ்டம் குடுக்க வேணாம். சும்மாவே போறேன்" என்றான்.

உன்னிடம் நான் இப்போது எதுவும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை விட்டுவிடாதே.

உன் அக்கா,
நோரா


மணிலா,
25 அக்டோபர் 1994

அன்புள்ள அக்கா,

டாரியோவுக்கு நான் சொன்ன யோசனை, என்னைச் சேர்த்தபோது லியோபோல்டோ எனக்குச் சொன்னது. அவனுக்கு யார் சொன்னார்களோ. அன்றைக்கு என் பக்கத்தில் நின்ற பையனும் போகிறேன் என்றான். நானும் விடவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வருடம் அதை நட்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவனும் அப்படித்தான் சொல்கிறான். மாதம் ஒருமுறை சேர்ந்து சாப்பிடுகிறோம்.

டாரியோவை விடுவிக்கும் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. என் அனுமதியைக் கேட்காமலேயே அவன் போக முடிவெடுத்துவிட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அப்பாவைத் தூக்கியது யார் என்று கேட்டாய். சங்கம்தான் தூக்கியது. சங்கம் சொல்லாவிட்டால் அவர்கள் கப்பல் ஏறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குப் பெயரும் இருந்தது. முன்னால் லியோபோல்டோவும் ஹெர்மனும். நடுவில் கிரெசென்சியோ, எதிர்ப்பக்கம் பாகிட்டோ. பின்னால் ஓஸ்மண்டோவும் நானும். எந்தத் தோளில் எவன் வைத்திருந்தான் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. இரண்டும் உண்மை. எனக்கு எது வசதியோ அந்த ஒன்றை மட்டும் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ருவெலை அடித்தவர்களின் பெயர்களும் அப்படியே நினைவிருக்கின்றன. அவர்களை அடிக்கச் சொன்ன விதியை எழுதி வைத்திருக்கிற எங்கள் மூத்தவர்களின் பெயர்களும். என்னுடையதும் அதில் ஒன்று. எல்லாவற்றையும் கொடுக்கப்போகிறேன். இன்று காலை லியோபோல்டோவிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. "ஹெர்மன்கிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது" என்றான்.

ஹெர்மனிடம் சொல்ல வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. முதல் பெயர் அவன் மகனுடையது. இலோய்லோவில்தான் படிக்கிறான். ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும் அக்கா. ஒவ்வொரு கடிதத்தையும் அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் எழுதினேன். மத்தியானம் ஹெர்மன் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான். கடைசியில், "உங்க அப்பா செருப்பு இன்னும் என்கிட்ட இருக்கு தினோ. தேஞ்சுபோச்சு, தூக்கிப்போட மனசு வரலை" என்றான். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான். வாசல்வரை வழியனுப்ப வரவில்லை.

கதவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். வில்மா, "நல்லதாப் போச்சு. அந்தப் பித்தளையைத் துடைக்கறதே பெரிய வேலை" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் கிளம்புகிறேன். திருநாளன்று அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்றலாம். வியாழக்கிழமை டாரியோவோடு அரசு வழக்கறிஞரிடம் நானும் வருகிறேன். அவன் வேண்டாம் என்றால் பின்னாலேயே வருகிறேன். நீ துறைமுகத்துக்கு வர வேண்டாம். என்னைப் பார்த்தால் அழுவாய், உனக்கு அழத் தெரியாது என்று இந்த ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சந்தைக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும். உள்ளே விடுவாளா தெரியாது. விடாவிட்டால் வாசலிலேயே நிற்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் வக்கீல் பேச்சாக இருக்கிறது. அவள் அடக்கத்தன்று கேட்ட வரிசைப்படியே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். முதலில் பெயர், பிறகு எங்கே இருந்தேன், கடைசியில் டாரியோவுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பது.

நான் செலஸ்தினோ பால்மாரெஸ். அந்தச் சனிக்கிழமை மணிலாவில், என் வீட்டில் இருந்தேன்.

உன் தம்பி